வரவேற்புக் கூடத்தில் ஒரு விருந்தாளி

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
11-2-1976

அன்புள்ள வடிவுக்கு,

உன் அத்தான் கோமதிநாயகம் எழுதுவது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்பமாட்டாய். இருமல் இருக்கிறது, மற்றபடி சுகம்தான். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே நல்ல தைலம் கிடைக்கிறது, ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

ஒரு சேதி. சாலைக் கடைத்தெருவில் அண்ணாச்சியின் சாப்பாட்டுக் கடையை விட்டுவிட்டேன். பதினோரு வருஷம் சாம்பார் வாளியோடு ஓடியது போதும். பாளையம் பக்கம் புதிதாகப் பெரிய ஓட்டல் ஒன்று திறந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடம். வாசலில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடிக் கதவு. அதில் ரூம் பாயாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. முப்பத்தாறு வயதுக்காரனைப் பாய் என்று கூப்பிடுகிறார்கள். சிரிக்காதே.

தினமும் மூன்று மணிக்கு எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு. இடம், படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருக்கும் அறை. மார்த்தாண்டத்துக்காரர் ராகேல் டீச்சர் வந்து சொல்லித் தருகிறார். பள்ளிக்கூடத்தில் அடித்த கை ரிட்டயர் ஆகியும் அடங்கவில்லை. நேற்று லிங்கத்தின் மண்டையில் ஸ்கேலால் ஒன்று வைத்தார். லிங்கம் தெரியுமல்லவா, அண்ணாச்சி கடையில் மாவாட்டிக்கொண்டிருந்தானே, அவனும் என்னோடு இங்கே வந்துவிட்டான்.

மூன்று தடவை கதவைத் தட்ட வேண்டும். 'மே ஐ கம் இன்' என்று கேட்க வேண்டும். உள்ளேயிருந்து பதில் வரும்வரை நிற்க வேண்டும். 'வுட் யூ லைக்' என்றால், உங்களுக்கு வேண்டுமா என்று பணிவாகக் கேட்பது. 'குட் யூ' என்றால், கொஞ்சம் செய்ய முடியுமா என்பது. 'மஸ்ட்' என்றால் செய்தே தீர வேண்டும். அது முழுக்க எங்களுக்கு. யூ மஸ்ட் நாக், யூ மஸ்ட் வெயிட், யூ மஸ்ட் நாட் சிட் என்று வேலைகளை ஒரு அட்டையில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். விருந்தாளியிடம் மட்டும் அந்த வார்த்தை வாயிலிருந்து வரவே கூடாதாம்.

மே மாதம் பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு ஓட்டலுக்குப் பின்னாலேயே வீடு தருகிறார்கள். இரண்டு அறை, தனி அடுக்களை, குழாயில் எந்நேரமும் தண்ணீர். நீ உன் அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது வடிவு. நடந்தது நடந்துபோச்சு. வந்துவிடு. பதில் போடு.

அன்புடன்,
கோமதிநாயகம்

•

களக்காடு,
20-2-1976

அத்தான் அவர்களுக்கு வடிவு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு வலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் வேண்டாம், வீடு முழுக்கத் தைல நாற்றம்தான். நான் பீடி சுற்றுகிறேன். இலை இந்த வாரம் மட்டமாக வந்து பாதி கழிவாகப் போயிற்று. உங்கள் இருமலுக்குச் சுக்கு தட்டிப் போட்டுக் குடியுங்கள்.

ஐந்து வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வருஷமும் மூன்று மாதமும். வீட்டுக்குக் குடும்பம் வேண்டும், குடும்பத்துக்கு நான் வேண்டும். இது புரியாத அளவுக்கு எனக்கு மூளை மழுங்கிப் போகவில்லை.

நடந்தது நடந்துபோச்சு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! கார்த்திகை மாசம் பிள்ளை காய்ச்சலில் போனான். பதினோரு மாசப் பிள்ளை. சாயங்காலம் அடக்கம் பண்ணிவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தீர்கள். மறுநாள் காலையில் அண்ணாச்சி ஆள் அனுப்பினார், பழவங்காடியில் ஐயப்பசாமிகள் கூட்டம் தாங்கவில்லை, உடனே வா என்று. சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு, நெஞ்சைத் தொட முடியாமல் அந்த ஒற்றை அறையில் கிடந்தேன். அடுத்த வீட்டு மலையாளத்து அம்மா வந்து பார்க்காவிட்டால் என்ன ஆகியிருப்பேனோ! உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? இப்போது வெள்ளைக்காரனிடம் கேட்கக் கற்றுக்கொள்கிறீர்களாக்கும்.

பங்குனி கடைசிச் செவ்வாய் இங்கே முத்தாரம்மன் கோயில் கொடை விழா. லீவு கிடைத்தால் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். ஊரில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

இப்படிக்கு,
வடிவம்மாள்

•

ஆரியசாலை,
2-3-1976

அன்புள்ள வடிவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று தாளைக் கிழித்தேன். நான் என்ன செய்யட்டும்? அன்றைக்குப் போகாவிட்டால் அண்ணாச்சி வேறு ஆளை வைத்திருப்பார். உன்னைக் காப்பாற்ற வேண்டுமே என்றுதான் போனேன். உனக்காகத்தான் போனேன். இதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

லிங்கத்தின் கூத்தைக் கேள். ஒரு ஜெர்மன்காரர் தண்ணீர் கேட்டிருக்கிறார். இவன் அட்டையிலே இருக்கிறதே என்று கம்பீரமாக 'யூ மஸ்ட் வெயிட்' என்று சொல்லிவிட்டான். அவர் மேனேஜரிடம் போய்விட்டார். ராகேல் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, "லே லிங்கம், அது ஒனக்குள்ள சட்டம்லே! அவரு ஏன் காத்திருக்கணும்?" என்றார். ஆனால் எல்லாம் சிரிப்பாக முடிவதில்லை. போன வாரம் எங்கள் வகுப்பிலிருக்கும் வேலப்பனின் மாமா ஊரிலிருந்து வந்து நேராக முன்வாசல் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். வேலப்பன் அவரோடு சோபாவில் உட்கார்ந்து குசலம் விசாரித்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலமே அவனுக்குச் சீட்டுக் கிழிந்தது. முன்கூடத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாதாம், வருகிறவர் எல்லாம் விருந்தாளியாம்.

இப்போது மழைக்கு முந்திய வெயில், ஆள் வரத்துக் குறைவு. என் மாடியில் பன்னிரண்டு அறை காலி. பூட்டிய அறை முன்னால் நின்று மூன்று தடவை தட்டி, மே ஐ கம் இன் என்று சொல்லிப் பழகுகிறேன். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிற்பேன். உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் நிற்கிறேன். பிறகு சாவியைப் போட்டுத் திறந்து, யாரும் படுக்காத படுக்கையை உதறி மறுபடி விரித்துவிட்டு வருகிறேன். ஆரியசாலை அறைக்குத் திரும்பினால், கூடத் தங்கியிருக்கும் லிங்கம் தூங்கிப்போயிருப்பான். சில நாள் தமிழில் ஒரு வார்த்தை பேசாமலே படுத்துவிடுகிறேன்.

கொடைக்கு இரண்டு நாள் லீவு சொல்லியாயிற்று. வருகிறேன்.

அன்புடன்,
கோமதிநாயகம்

•

களக்காடு,
12-4-1976

அத்தான் அவர்களுக்கு வணக்கம்.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததற்குக் கார்டு கிடைத்தது. நீங்கள் போன பிறகு எனக்கு ஆத்திரம் அடங்க நாலு நாள் ஆயிற்று. அதனால்தான் தாமதம்.

அம்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். "ஏளா வடிவு, வாசல்ல யாரோ தட்டுதாவ, யாருன்னு பாரு" என்று அவள் சொல்ல, "கதவு தெறந்துல்லா கெடக்கு, தட்டுவானேன்?" என்று நான் வந்து பார்த்தால், பெண் கொடுத்த வீட்டு வாசலில் மருமகன் மூன்று தட்டுத் தட்டிவிட்டு நிற்கிறார். உள்ளே வாங்க என்று சொல்கிறவரை செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அதைக்கூட விடுங்கள். மத்தியானம் என்ன செய்தீர்கள்? நீங்கள் சாப்பிட்டு எழுந்து, எனக்கு இலை போட்டு, நீங்களே பரிமாறினீர்கள். தோளில் துண்டு, இடது கை முதுகுக்குப் பின்னால், விறைப்பாக நிற்கிறீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாயைக் காட்டி, "இருங்க அத்தான்" என்றேன். "பரவால்ல, நீ சாப்பிடு. இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமா?" என்கிறீர்கள். வாசல்படியில் எதிர்வீட்டுப் பேச்சி வந்து நின்று, "ஏயப்பா, வடிவுக்கு வந்த வாழ்வப் பாருங்கட்டீ!" என்று தெருவையே கூட்டிவிட்டாள். காப்பி கொடுத்தால் தேங்க்யூ என்கிறீர்கள். கட்டின பெண்டாட்டிக்கு நன்றி சொல்வார்களா? அது அசலாருக்குச் சொல்கிறது.

மரியாதை தெரியாமல் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் ஆசையாகத்தான் செய்தீர்கள், அது எனக்குத் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சாப்பிடும்போது நீங்கள் என்னைப் பார்த்ததே இல்லை. முதல் தடவையாகப் பார்த்தீர்கள், ஆனால் நின்றுகொண்டு. எனக்குப் பரிமாற ஆள் வேண்டாம் அத்தான். பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையைப் பற்றி ஒரு பேச்சுப் பேசியிருந்தால் அன்றைக்கே உங்களோடு பஸ் ஏறியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். நீங்கள் அவன் பெயரைக்கூட எடுக்கவில்லை.

பரீட்சைக்கு நன்றாகப் படியுங்கள்.

வடிவு

•

ஆரியசாலை,
21-4-1976

என் வடிவுக்கு,

உன் கடிதத்தை லிங்கம் தூங்கிய பிறகு படித்தேன். அப்படி நிற்க வேண்டும் என்று நான் நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் பின்னால் போய்விடுகிறது. உட்கார்ந்தால் யாராவது ஏசுவார்கள் என்று உடம்பில் ஒரு பயம் ஏறிப்போச்சு.

நீ கேட்டதைச் சொல்கிறேன். நேரில் எனக்கு வாய் வராது.

பிள்ளை போன மறுநாள் அண்ணாச்சி கடையில் இருநூறு பேருக்கு மேல் பரிமாறினேன். ஒரு சாமி தன் பிள்ளையை மடியில் வைத்து, பருப்புச் சோற்றைக் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை துப்பித் துப்பிச் சிரித்தது. நம் ஆறுமுகமும் அப்படித்தான் துப்புவான், இல்லையா? வாளியை அங்கேயே வைத்துவிட்டு விறகுப்புரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அண்ணாச்சி கூப்பிட்டார், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மோர் ஊற்றினேன். உன்னிடம் சொன்னால் நீ இன்னும் உடைந்துபோவாய் என்று சொல்லவில்லை. அவனை நான் நினைக்காத நாள் கிடையாது. அவனுக்கு இப்போது ஆறு வயது நடக்கும்.

வீடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வா. இந்த ஒற்றை அறையானாலும் லிங்கத்தை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவேன். எனக்கு நீ வேண்டும் வடிவு. தனியாக இருந்து அலுத்துவிட்டது.

பரீட்சை மே பத்தாம் தேதி திங்கட்கிழமை. எழுத்துப் பரீட்சை கிடையாது, காலையிலிருந்து நேரடிப் பரீட்சைதான். ஒவ்வொருவரும் முன்கூடத்தில் நின்று வருகிறவர்களைக் கவனிக்க வேண்டும். மேனேஜர் யாரோ தெரியாத ஆட்களை விருந்தாளி மாதிரி உள்ளே அனுப்புவாராம், அதில் ஏழை எளியதும் வருமாம், முகம் சுளிக்கிறோமா என்று பார்க்க. மூன்று மணிக்கு முடியும். எனக்காக முத்தாரம்மனிடம் ஒரு வார்த்தை சொல்.

உன்,
கோமதிநாயகம்

•

ஆரியசாலை,
11-5-1976

வடிவு,

நீ ஊர் போய்ச் சேர்ந்தாயா? அதை மட்டும் முதலில் ஒரு கார்டில் எழுதிப் போடு.

நேற்று மூன்று மணிக்கு வெளியே வந்து ஓடினேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தேடினேன். நாகர்கோவில் பஸ் ஒவ்வொன்றிலும் ஏறிப் பார்த்தேன். பழவங்காடி, சாலை, நம் பழைய தெரு எல்லாம் அலைந்தேன். நீ இல்லை.

நீ வருவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பதினோரு மணிக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே டிரங்குப் பெட்டியோடு நீ நிற்கிறாய். ஒரு பக்கம் மேனேஜர் நோட்டோடு, ஒரு பக்கம் ராகேல் டீச்சர். என் முறை. வேலப்பன் ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தேன். குட் மார்னிங் மேடம், மே ஐ டேக் யுவர் லக்கேஜ் என்று சொல்லி உன் கையிலிருந்து பெட்டியை வாங்கினேன். நீ சிரித்தாய். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாய், இல்லையா? "நாந்தான் அத்தான், வந்துட்டேன்" என்றாய். மேனேஜர் காதில் அது விழுந்துவிட்டது.

"கோமதி, இதாரா? தன்றெ ஆளாணோ?" என்று உன்னைக் காட்டிக் கேட்டார்.

நான் "அறியில்ல சார்" என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு அந்த அளவு மலையாளம் புரியும். அது தெரிந்தும், உன்னைத் தெரியாது என்று சொன்னேன். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போனாய். நான் கதவைத் திறந்துவிட்டேன் வடிவு, பாவி, கதவையும் நானே திறந்துவிட்டேன்.

தெரியும் என்று சொல்லியிருந்தால் அங்கேயே வேலை போயிருக்கும். நிரந்தரமும் இல்லை, வீடும் இல்லை. நீ வந்து இருக்க வேண்டிய வீடு. உனக்காகத்தான் சொன்னேன். மூன்று மணிக்கு உன்னைத் தேடிப் பிடித்துக் காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

உடனே எழுது.

கோமதிநாயகம்

•

ஆரியசாலை,
5-6-1976

அன்புள்ள வடிவுக்கு,

நாலு கடிதம் போட்டும் பதில் இல்லை. நீ பத்திரமாக வந்து சேர்ந்தாய் என்று அத்தை பேச்சியின் மகனை விட்டு ஒரு கார்டு எழுதியிருந்தாள். அந்தமட்டில் நிம்மதி.

நான் தேறிவிட்டேன். பன்னிரண்டு பேரில் முதலாவது. குழப்பம் செய்ய வந்த ஒரு பெண்பிள்ளையிடம்கூட முகம் மாறாமல் நடந்துகொண்டான் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டேன். ராகேல் டீச்சருக்கு மட்டும் ஏதோ தோன்றியிருக்கிறது. போகும்போது என்னைத் தனியாக அழைத்து, "அது ஆருப்பா?" என்று கேட்டார். சொன்னேன். குடையை விரிப்பதும் மடக்குவதுமாகக் கொஞ்சநேரம் நின்றார். "ஒரு வார்த்த எங்கிட்ட முன்னாலேயே சொல்லியிருந்தா, நான் மேனேஜர்ட்ட பேசியிருப்பேனேப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு மனு இதோடு இருக்கிறது. மனைவி கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். முப்பதாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். உன்னை வற்புறுத்தவில்லை. உனக்கு மனம் இருந்தால் போடு. போடாவிட்டாலும் ஏச்சாவது எழுதி அனுப்பு, இப்படி ஒன்றும் எழுதாமல் இருக்காதே. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்க்க முடியவில்லை.

உன்,
கோமதிநாயகம்

•

களக்காடு,
15-6-1976

அத்தான் அவர்களுக்கு வடிவு வணக்கம்.

நீங்கள் முதலாவதாகத் தேறியது சந்தோஷம். பொய்க்கு எழுதவில்லை. அம்மாவும் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. அதனால்தான் நீங்கள் தேடியும் கிடைக்கவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குத்தான் முடியும் என்று நீங்கள் எழுதியிருந்தது ஞாபகம் இருந்தது. என்னை ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதும் அங்கே உட்கார்ந்த கொஞ்சநேரத்தில் புரிந்துவிட்டது. வேலப்பன் கதையை நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள். தெரிந்தும் முன்வாசலுக்கு வந்தது என் புத்திகெட்டதனம். கண்ணாடிக் கதவை நீங்கள் திறப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை.

அதனால் கோபம் அதில் இல்லை. நீங்கள் மூன்று தடவை வெளியே வந்தீர்கள். ஒரு கார்க் கதவைத் திறந்தீர்கள், ஒரு கிழவருக்குக் குடை பிடித்தீர்கள், ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கீழே போட்ட பொம்மையை எடுத்துக் கொடுத்தீர்கள். ஒரு தடவையாவது ரோட்டுப் பக்கம் திரும்பி, நான் எங்கே போனேன் என்று பார்ப்பீர்கள் என்று உட்கார்ந்திருந்தேன். கண்ணால் பார்ப்பதற்குமா சட்டம் போட்டிருக்கிறார்கள்? இரண்டு மணிக்கு எழுந்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் வண்டி பிடித்துக் கரமனைக்கு அனுப்பினார், அங்கே பஸ் ஏறினேன்.

எனக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆறுமுகம் போன மறுநாளும் எனக்காகத்தான் போனீர்கள், அதையும் இப்போது நம்புகிறேன். எனக்காக என்னவெல்லாமோ செய்கிறீர்கள் அத்தான். அந்த நேரமெல்லாம் நான் தனியாக இருக்கிறேன். விறகுப்புரைக்குப் பின்னால் அழுததை நீங்கள் எழுதிய கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் மே மாதம் வரை தூங்கினேன். அதை எழுதிய ஆளைத் தேடித்தான் பெட்டியோடு வந்தேன். அவர் கடிதத்தில்தான் இருக்கிறார் போலிருக்கிறது. நேரில் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் வரமாட்டேன். நீங்களும் இங்கே வரவேண்டாம். சண்டைக்குச் சொல்லவில்லை. எனக்கு அழுது முடிந்துவிட்டது. கடிதம் போட்டால் பதில் போடுவேன்.

மனுவில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பென்சில் குறியை அழித்துவிட்டேன். வீடு உங்களுக்குக் கிடைக்கட்டும். லிங்கத்தைக் கூடக் கூட்டிக்கொள்ளுங்கள், யார் கேட்டாலும் தம்பி என்று சொல்லுங்கள். அந்த வீட்டில் ஒற்றையாக இருக்காதீர்கள். எனக்குப் பழகிவிட்டது, உங்களால் முடியாது.

வடிவு